பேரப்பிள்ளைக்குப் பெரிய வியாதி: சிரிப்பைப் பற்றி ஆயாக்களும் தாத்தாக்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் பேத்திக்கு ரத்தப் புற்றுநோய் என்று தென்னாப்பிரிக்காவில், நாங்கள் இருக்கும் டர்பனில் சொன்னபோது அவளுக்கு ஆறு வயது. இப்போது சிகிச்சை முடிந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறாள். அந்த நாட்களில் வார்டுக்கு வெளியே பெஞ்சில் என்னோடு உட்கார்ந்திருந்த ஆயாக்களும் தாத்தாக்களும் கேட்டார்கள். சாட்ஸ்வொர்த் கோயில் மண்டபத்தில் நான் நடத்தும் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டிவருகிறவர்களும் கேட்கிறார்கள். எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். மருந்தைப் பற்றி டாக்டரிடம் கேட்டுவிடுகிறார்கள். சிரிப்பைப் பற்றிக் கேட்கத்தான் கூச்சப்படுகிறார்கள், என்னவோ கேட்கக்கூடாததைக் கேட்பதுபோல.

கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். பேத்திக்கு வந்தது அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கீமியா, சுருக்கமாக ஏ.எல்.எல். பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது அதுதான். அதனால் மருந்து சம்பந்தமான உதாரணங்கள் அதிலிருந்தே வரும். உங்கள் பிள்ளைக்கு வேறு வியாதி என்றால் அந்த இடங்களில் மட்டும் உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளை இப்படிக் கிடக்கும்போது சிரிக்கிறதே பாவமில்லையா?

இல்லை. எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கிற இந்த நேட்டாலுக்கு வந்த நம் முன்னோர்கள் தெருக்கூத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். இங்கே அதை சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்பார்கள். பகலெல்லாம் கரும்பு வெட்டிக் களைத்தவர்கள், பெற்றவர்களை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள், விடிய விடிய உட்கார்ந்து அரிச்சந்திரன் கூத்துப் பார்த்தார்கள். பாம்பு கடித்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சந்திரமதி அழும்போது கூட்டமே அழும். அதே கூத்தில் கட்டியக்காரனும் உண்டு. அவன் வந்து எதையாவது சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டுப் போவான். கதை சோகக்கதை, உனக்கு இங்கே என்ன வேலை என்று யாரும் அவனை விரட்டியதில்லை. அழுகிறவர்களுக்குத்தான் அவன் வேண்டியிருந்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஏ.எல்.எல்.லுக்கு முழுச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று வருடம். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது அதுவரை வாழ்ந்ததில் கிட்டத்தட்டப் பாதி. அத்தனை காலமும் சுற்றியிருக்கிறவர்கள் இழவு வீட்டு முகத்தோடு உட்கார்ந்திருந்தால், பிள்ளை அந்த முகங்களைப் பார்த்துத்தான் தன் நிலைமையைத் தெரிந்துகொள்ளும். டாக்டர் சொல்லாததையெல்லாம் அது தானாக நினைத்துக்கொள்ளும்.

வாய்விட்டுச் சிரிச்சா நோய்விட்டுப் போகும்ங்கிறாங்களே, நிஜமா?

புற்றுநோய் சிரிப்பால் போகாது. மருந்தால்தான் போகும். இதில் எனக்குக் கொஞ்சமும் தயக்கமில்லை. "சந்தோஷமா வச்சுக்கிட்டா தானா சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள். அது கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் நாளைக்குப் பிள்ளைக்கு முடியாமல் போனால், நாம் சரியாகச் சிரிக்கவைக்கவில்லையோ என்ற பழி அம்மா தலையிலும் பிள்ளை தலையிலும் வந்து விழும்.

ஆனால் வலியைத் தாங்குவதில் சிரிப்புக்கு ஒரு பங்கு இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ராபின் டன்பரும் அவரோடு வேலை செய்தவர்களும் 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆட்களைக் கூட்டாக உட்காரவைத்து நகைச்சுவைப் படம் காட்டினார்கள். பிறகு கையில் உறைபனி உறையை மாட்டியும், ரத்த அழுத்தப் பட்டையை இறுக்கியும் எவ்வளவு நேரம் தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். வாய்விட்டுச் சிரித்தவர்கள் கூடுதலாகத் தாங்கினார்கள். கூடச் சிரிக்க ஆள் இருப்பதும் அதில் முக்கியம். நம்மால் தர முடிந்தது அந்தத் துணையைத்தான்.

எனக்கு ஜோக் சொல்லவே வராது. நான் என்ன பண்றது?

ஜோக் தேவையில்லை. வார்டுக்குள் நடப்பதைக் கவனித்துப் பார்த்தாலே போதும், அங்கே வேடிக்கைக்குக் குறைவே இல்லை. டிரிப் ஏற்றும் இயந்திரம் மருந்து தீர்ந்தால் கீங் கீங் என்று கத்தும். என் பேத்தி அதை வைத்து ஒரு விடுகதை போட்டாள்: "தலைகீழாத் தொங்குவான், சொட்டுச் சொட்டா அழுவான், அழுது முடிச்சா மணியடிப்பான், அவன் யார்?" வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த விடுகதைகளைக் கேட்டுக் கேட்டு அவளாகக் கட்டியது. வருகிற சிஸ்டர்களிடமெல்லாம் அதை இங்கிலீஷில் கேட்பாள். ஸுலு பேசும் ஒரு சிஸ்டர் விடை தெரிந்துகொண்டே தெரியாதமாதிரி யோசிப்பார். "கோகோ, நீங்க சொல்லுங்க" என்று என்னைப் பார்ப்பார். கோகோ என்றால் ஸுலுவில் பாட்டி. நானும் தெரியாது என்பேன். அவளுக்கு அப்படி ஒரு பெருமை.

மின்சாரம் நிறுத்துகிற லோட் ஷெடிங் இங்கே எல்லாப் பிள்ளைக்கும் தெரியும், ஒன்றிலிருந்து எட்டு ஸ்டேஜ் வரை. எண் கூடக்கூட மின்சாரம் இல்லாத நேரமும் கூடும். கீமோ முடிந்து உடம்பு அசந்துபோனால் பேத்தி "இன்னைக்கு ஸ்டேஜ் ஆறு" என்பாள். ஒரு நாள் கண்ணைத் திறக்காமலே எட்டு விரலைக் காட்டினாள். நாங்கள் சிரித்தோம், உடனே விளக்கை அணைத்துத் தூங்கவிட்டோம். "எப்படியிருக்கு கண்ணு?" என்று நான் நாள் முழுக்கக் கேட்டால்கூட அவ்வளவு தெளிவாகப் பதில் வந்திருக்காது. பிள்ளை உண்டாக்கும் வேடிக்கையைப் பிடித்துக்கொண்டு கூடப் போங்கள், அது போதும்.

எந்த வயசுப் பிள்ளைக்கு என்ன வேடிக்கை எடுபடும்?

மூன்று நான்கு வயசில் தப்பாகச் சொன்னாலே சிரிப்பு. மூக்கைத் தொட்டு "இது காது" என்பது, தாத்தாவின் செருப்பை ஆயா போட்டுக்கொள்வது, முகத்தை மறைத்துக் காட்டுவது. ஐந்திலிருந்து எட்டுவரை எல்லாமே மலம், மூத்திரம், குசு. முகம் சுளிக்காதீர்கள். வின்கிரிஸ்டின் என்ற மருந்து மலச்சிக்கல் உண்டாக்கும். நாலு நாள் கழித்துக் கக்கூஸ் போனால் வீட்டில் விசிலடிக்கலாம். டானோரூபிசின், டாக்சோரூபிசின் இரண்டும் சிவப்பு மருந்துகள், ஏற்றிய ஓரிரு நாள் மூத்திரம் சிவப்பாக வரும். முன்கூட்டியே சொல்லிவிட்டால் பிள்ளை பயப்படாமல் "என்ன கலர் வந்துச்சு பாருங்க" என்று கூப்பிட்டுக் காட்டும். இரண்டு நாளுக்கு மேலும் சிவப்பு மாறவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஒன்பது பத்து வயதுக்கு மேல் விடுகதை, சீட்டு, ஏமாற்று விளையாட்டு. அந்த வயதில் மானம் பெரிது. சின்னவளின் கக்கூஸ் செய்தியைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதுபோலப் பெரியவனுடையதைப் போட்டுவிடாதீர்கள்.

கிச்சுகிச்சு மூட்டலாமா? தூக்கிப்போட்டு விளையாடலாமா?

ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் குறைந்திருக்கும்போது லேசாக அழுத்தினாலே கன்றிப்போகும். நெஞ்சில் மருந்து ஏற்றும் குழாயோ, அதற்காகத் தோலுக்கடியில் வைக்கும் போர்ட்டோ இருந்தால் அந்த இடத்தில் கை படக்கூடாது. அதனால் அன்றைய ரத்தப் பரிசோதனை என்ன சொல்கிறது என்று கேட்காமல் இதெல்லாம் வேண்டாம். வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்களுக்குச் சிரித்தாலே வலிக்கும். வயிற்றின்மேல் ஒரு தலையணையை அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வாயெல்லாம் புண்ணாக இருக்கும் நாட்களில் கண்ணால் சிரிக்கிற வேடிக்கை மட்டும்.

கிச்சுகிச்சைப் பற்றி எனக்கு இன்னொரு கருத்தும் உண்டு. நாள் முழுக்க யார் யாரோ கேட்காமல் வந்து தொடுகிறார்கள், குத்துகிறார்கள், திருப்பிப் படுக்கவைக்கிறார்கள். ஆயாவின் கையாவது கேட்டுவிட்டுத் தொடட்டும்.

ஸ்டீராய்டு ஆரம்பிச்சதுல இருந்து ஒரே பசி, ஒரே கோபம். சிரிக்கவைக்கப் போனா கத்துறான்.

அது மருந்து செய்கிற வேலை, பிள்ளையின் குணம் மாறிவிடவில்லை. டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோன் இரண்டும் பசியைத் தூண்டும், தூக்கத்தைக் கெடுக்கும், முகத்தை உப்பவைக்கும், எரிச்சலைக் கிளப்பும். நிறுத்திய பிறகு மெல்ல மெல்லச் சரியாகும். அந்த நாட்களில் கேலி எதுவும் வேண்டாம். அவனுடைய கோபத்தைப் பார்த்துச் சிரிப்பதும், "குண்டுக் கன்னம்" என்று கிள்ளுவதும் அறவே கூடாது.

சாப்பாட்டில் மட்டும் கொஞ்சம் விளையாட இடமுண்டு. நடுராத்திரி இரண்டு மணிக்குப் பேத்தி ஓர் ஓட்டல்காரரிடம் ஆர்டர் கொடுப்பதுபோல எனக்கு ஆர்டர் கொடுப்பாள். கால் ரொட்டியைக் குடைந்து மட்டன் கறி நிரப்பிய பன்னி சௌ, பக்கத்தில் பருப்பும் சோறும், அதற்குமேல் இன்னொரு பன்னி சௌ. நான் காகிதத்தில் மும்முரமாக எழுதிக்கொண்டு, "கறி வர அரை மணி ஆகும் மேடம், அதுவரை சூப் தரலாமா?" என்பேன். சிரிப்பாளோ மாட்டாளோ, தன் பசியை ஒருவர் மதித்து எழுதிக்கொள்கிறார் என்பது அவளுக்கு ஆறுதல். எதிர்ப்புச் சக்தி குறைந்த காலம் என்பதால் கடையில் வாங்காமல் வீட்டிலேயே சுடச்சுடச் செய்து கொடுத்தோம்.

முடி கொட்டிப்போச்சு. அவளே மொட்டைன்னு கேலி பண்ணிக்கிறா. நாங்களும் சேர்ந்து சிரிக்கலாமா?

அவள் ஆரம்பித்தால் சிரிக்கலாம். நீங்கள் ஆரம்பிக்கக்கூடாது. அவள் நிறுத்தினால் அந்த நிமிஷமே நிறுத்திவிட வேண்டும். காலையில் கேலி செய்துகொண்ட பிள்ளையே மாலையில் கண்ணாடியைப் பார்த்து அழும். காலையில் சிரித்தாயே என்று சொல்லிக் காட்டாதீர்கள்.

நமக்கு ஒரு வசதி, மொட்டை நம் வீடுகளில் புதிதல்ல. "முருகன் கேட்கறதுக்கு முன்னாடியே எடுத்துக்கிட்டான்" என்று தாத்தா தானும் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்று ஒரு சொல் உண்டு என்றேன். பேத்தி கட்டிலில் சம்மணம் போட்டு, தலையை முழங்காலில் ஒட்டவைக்கப் பார்த்து, "முடிச்சுப் போட எதுவுமே இல்லையே ஆயா" என்றாள்! அவள் சொன்னது, அதனால் எல்லாரும் சிரித்தோம். பள்ளிக்கூடத்தில் வேறொரு பிள்ளை அதே வார்த்தையைச் சொன்னால் அது வேறு. அதற்கு டீச்சரிடம் பேச வேண்டும்.

அம்மனுக்கு வேண்டிக்கிட்டிருக்கோம். வேண்டுதல் இருக்கிற வீட்டுல சிரிச்சு விளையாடினா சாமி கோவிச்சுக்குமா?

தெனாலிராமன் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆயிரம் தலையோடு காளி எதிரே நிற்கிறாள், அவன் சிரிக்கிறான். ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டால், "ஒரு மூக்கில் சளி பிடித்தாலே துடைக்க எனக்கு ரெண்டு கை போதவில்லை. உனக்கு ஆயிரம் மூக்கிலும் சளி பிடித்தால் என்ன செய்வாய் தாயே?" என்கிறான். காளியே சிரித்துவிட்டு வரமும் கொடுத்தாள். எப்போது பார்த்தாலும் மூக்கு ஒழுகும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள், மூக்கு துடைக்கிற துணியோடு நடித்துக் காட்டுவார்கள்.

வேண்டுதலைப் பற்றிக் கவலை வேண்டாம், அது எங்கும் போய்விடாது. தைப்பூசக் காவடி, ஈஸ்டர் விடுமுறையில் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில், ஆடிக் கூழ் எல்லாமே பெருங்கூட்டம். ரத்த அணுக்கள் குறைந்திருக்கும்போது பிள்ளையைக் கூட்டத்துக்குக் கொண்டுபோகக்கூடாது. பிரசாதமாக வரும் பஞ்சாமிர்தத்தையும் காய்ச்சாத பாலையும் வார்டில் கேட்காமல் கொடுக்கவும் கூடாது. சிகிச்சை முடிந்து டாக்டர் சரி என்றபிறகு போய் நேர்த்திக்கடனைச் செலுத்தலாம்.

வார்டுல பக்கத்துக் கட்டில்ல ஒரு பிள்ளை ரொம்ப முடியாம இருக்கு. நாங்க சத்தமா சிரிச்சா?

திரை இழுத்திருந்தால் சத்தம் குறையட்டும். கூத்தில் கட்டியக்காரனும் எல்லா நேரமும் மேடையில் நிற்பதில்லை, எப்போது ஒதுங்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். அந்தக் குடும்பத்தைப் பார்த்துப் பேசுங்கள், தேநீர் வாங்கிவரட்டுமா என்று கேளுங்கள். பல நேரம் அவர்களே "சிரிக்கட்டும், கேட்க நல்லாயிருக்கு" என்பார்கள்.

ஆஸ்பத்திரிக்கு வருகிற கோமாளிகள் நல்லதா?

பல பிள்ளைகளுக்கு நல்லது. 1986-இல் நியூயார்க்கில் பிக் ஆப்பிள் சர்க்கஸின் மைக்கேல் கிறிஸ்டென்சன் ஆஸ்பத்திரிக் கோமாளிக் குழுவைத் தொடங்கினார். இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். இத்தாலியில் நடத்தி 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆபரேஷனுக்குப் போகும்போது பெற்றோரோடு கோமாளிகளும் கூட இருந்த பிள்ளைகளுக்குப் பதற்றம் குறைவாக இருந்தது. ஆபரேஷன் அறையில் தங்கள் வேலைக்கு இடைஞ்சல் என்று அங்கே வேலை செய்கிறவர்கள் சொன்னதும் அதே ஆய்வில் இருக்கிறது. சில பிள்ளைகளுக்குச் சாயம் பூசிய முகம் என்றாலே பயம். வாசலிலேயே நிற்கச் சொல்லி, உள்ளே வரலாமா என்று பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள். வேண்டாம் என்று ஒருத்தரைத் திருப்பியனுப்ப முடிவதே அந்த வார்டில் பிள்ளைக்குப் பெரிய சந்தோஷம்.

மருமகளுக்கு நான் வேடிக்கை பண்றது பிடிக்கல. "உங்களுக்கு எல்லாம் விளையாட்டாப் போச்சு"ன்னு அழுதுட்டா.

இதை நிறையப் பேர் அடிக்குரலில் கேட்கிறார்கள். நமக்கு இரண்டு துக்கம்: பேரப்பிள்ளை படும் பாடு ஒன்று, அதைப் பார்த்து நாம் பெற்ற பிள்ளை படும் பாடு இன்னொன்று. பெற்றவளுக்கு இன்னும் கூடுதல் பாரம். கையெழுத்துப் போடுவது அவள், மருந்து நேரம் பார்ப்பது அவள், ஊசி போடும்போது கையைப் பிடித்துக்கொள்வது அவள். நாளெல்லாம் கண்டிப்பான ஆளாக நிற்பது அவள், ஆனால் மதியம் வந்து அரை மணி சிரிக்கவைத்துவிட்டுப் போகிறவருக்கு நல்ல பேர் கிடைக்கிறது. அந்தக் கோபம் நியாயமானது.

அதனால் முதலில் அவளுடைய வேலையில் பாதியை வாங்கிக்கொள்ளுங்கள். துணி துவையுங்கள், இரவு ஒரு நாள் நீங்கள் தங்குங்கள், அவள் தலைக்குக் குளித்துத் தூங்கிவிட்டு வரட்டும். அப்புறம், வேடிக்கையின் நல்ல பகுதியை அவளிடம் கொடுங்கள். விடுகதையின் விடை அவளுக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும், பிள்ளை அம்மாவைக் கெஞ்சிக் கேட்கட்டும். ஊசிக்கு முன்னால், டாக்டர் பேசிக்கொண்டிருக்கும்போது, அவள் வேண்டாம் என்று கண்ணைக் காட்டும்போது வாயைத் திறக்கவேண்டாம். இது அவள் பிள்ளை. நீங்கள் எவ்வளவு பாசம் வைத்திருந்தாலும் அவள் சொன்னதே முடிவு.

மூத்தவன் நல்லாத்தான் இருக்கான். ஆனா எப்பப் பார்த்தாலும் கோமாளித்தனம் பண்றான். ஏன்?

வீட்டில் எல்லாரும் தம்பியைப் பார்க்கிறார்கள், தன்னைப் பார்க்கவைக்க அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. சில பிள்ளைகள் அம்மாவைச் சிரிக்கவைப்பது தன் பொறுப்பு என்றே எடுத்துக்கொள்வார்கள். அந்தச் சுமையை இறக்கிவைக்க வேண்டும். தம்பி பேச்சே எடுக்காமல் அவனோடு மட்டும் கடற்கரைக்குப் போய்வாருங்கள். தன்னால்தான் வியாதி வந்ததோ என்ற பயம் உள்ளே இருக்கலாம், சண்டையில் அடித்தது, "செத்துப் போ" என்று சொன்னது எல்லாம் ஞாபகத்தில் இருக்கும். அதனால் வரவில்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் போதாது.

நாங்க தூரத்துல இருக்கோம். போன்ல எப்படி?

நியூகாசில், போர்ட் ஷெப்ஸ்டோன் என்று எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் டர்பனில் உள்ள ஆல்பர்ட் லுதுலி மருத்துவமனைக்கு வருகிறார்கள். தங்க இடமில்லாத பெற்றோருக்கு சாக் அமைப்பின் விடுதி உண்டு. புற்றுநோய் கண்ட பிள்ளைகளின் பெற்றோரே 1979-இல் தொடங்கிய அமைப்பு அது. ஆயா தாத்தா ஊரில் இருந்தால் வீடியோ அழைப்பைவிடக் குரல்பதிவு நல்லது, பிள்ளை முடிந்தபோது கேட்டுக்கொள்ளும், முகம் காட்ட வேண்டியதில்லை. சேவல் கூவியது, பக்கத்து வீட்டு நாய் செய்தது, கறி அடிப்பிடித்தது என்று அன்றைய செய்தி ஒன்று போதும். பதில் வரவில்லை என்றாலும் அனுப்பிக்கொண்டே இருங்கள்.

எதைக் கேட்டாலும் ஜோக் அடிக்கிறான். வலியை மறைக்கிறானோன்னு சந்தேகமா இருக்கு.

உங்கள் சந்தேகம் சரியாக இருக்கலாம். நம்மை அழவிடக்கூடாது என்று பிள்ளைகள் நினைப்பது நமக்குத் தெரிவதைவிட அதிகம். வார்டில் ஆறு முகப்படம் போட்ட ஓர் அட்டை இருக்கும், சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம்வரை. எந்த முகம் என்று பிள்ளை தொட்டுக் காட்ட வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கு ஆறுமுகம் என்று பெயர். "ஜோக் அப்புறம், முதல்ல ஆறுமுகம்" என்போம். பேத்தியும் ஒத்துக்கொண்டாள். மேலே சொன்ன ஸ்டேஜ் கணக்கும் இதே வேலையைச் செய்யும்.

வேடிக்கை பேசும் பிள்ளை திடீரென்று அடங்கிப்போனால் உடனே காய்ச்சல் பாருங்கள். கீமோ காலத்தில் 38 டிகிரி தொட்டால் அது அவசரம், பகலோ ராத்திரியோ உடனே வார்டுக்கு போன் செய்து கிளம்ப வேண்டும். வீட்டில் மாத்திரை கொடுத்துக் காய்ச்சலை மறைக்கக்கூடாது. ஆஸ்பிரின், ஐபுபுரோஃபன் டாக்டர் சொல்லாமல் தரவே கூடாது, ரத்தக்கசிவு வரலாம்.

பேரனுக்குப் பதினஞ்சு வயசு. சாவைப் பத்தியே ஜோக் அடிக்கிறான். எங்களுக்கு ஈரக்குலை நடுங்குது.

"என் போனை யாருக்குத் தர்றதுன்னு எழுதி வைக்கட்டுமா ஆயா" என்று ஒரு பையன் கேட்டதாக ஒருவர் சொன்னார். அபசகுனம், வாயைக் கழுவு என்று சொல்லத்தான் நமக்கு வரும். சொல்லாதீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் சாவு என்றால் திரும்பி வராதது என்பது பெரும்பாலும் புரியாது. பதினைந்து வயதுக்கு எல்லாம் புரியும். அதை எப்படிப் பேச்சில் எடுப்பது என்று தெரியாமல் கேலியாக எடுத்துப் பார்க்கிறான், நீங்கள் ஓடிவிடுவீர்களா நிற்பீர்களா என்று.

சிரிப்பு வந்தால் சிரியுங்கள். வராவிட்டால் நடிக்க வேண்டாம். அப்புறம் மெதுவாக, "அதைப் பத்தி அடிக்கடி நினைக்கிறியா ராஜா?" என்று கேளுங்கள். இல்லை என்று பேச்சை மாற்றினால் விட்டுவிடுங்கள், இன்னொரு நாள் வருவான். உங்களுக்குத் தெரியாத கேள்வியைக் கேட்டால் டாக்டரைச் சேர்ந்து கேட்கலாம் என்று சொல்லுங்கள். பொய் மட்டும் சொல்லாதீர்கள், அந்த வயதில் ஒரு பொய்யைக் கண்டுபிடித்தால் பிறகு எதையும் நம்பமாட்டார்கள். தூக்கமில்லை, சாப்பிடவில்லை, மருந்து வேண்டாம் என்கிறான் என்றால் கேலியின் எல்லை தாண்டிவிட்டது, அன்றைக்கே வார்டு சோஷியல் வொர்க்கரிடம் சொல்லுங்கள்.

எனக்கே சிரிப்பு வரமாட்டேங்குது. அவரோ பேசறதையே விட்டுட்டார்.

வராத சிரிப்பை வரவழைக்க வேண்டாம், பிள்ளைக்குத் தெரிந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து சீட்டாடுங்கள், காலைப் பிடித்துவிடுங்கள். பேச்சை விட்ட தாத்தாக்களுக்குக் கையில் ஒரு வேலை கொடுங்கள். எங்கள் வீட்டுத் தாத்தா மாத்திரைப் பெட்டிக்குக் காவல்காரர் ஆனார், பேத்தி திருட முயல்வாள், அவர் பிடிப்பார். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போய், எழுந்திருக்கவே மனமில்லை என்றால் உங்களுக்கும் டாக்டர் வேண்டும். வயதாகிவிட்டது, நமக்கென்ன என்று விடாதீர்கள். வீட்டுக்கு நீங்கள் வேண்டும்.

இனி சிகிச்சை இல்லைன்னு சொல்லிட்டாங்க. இப்பவும் வேடிக்கையா?

இதற்குப் பதில் எழுத எனக்கு வெகுநேரம் பிடித்தது. இந்த நிலைமையில் இருந்த குடும்பங்களோடு உட்கார்ந்திருக்கிறேன், அவர்கள் சொன்னதைத்தான் எழுதுகிறேன். பிள்ளை தன் விளையாட்டை நிறுத்துவதில்லை. நேற்றுவரை தாத்தாவை ஏமாற்றிச் சீட்டில் ஜெயித்த பிள்ளை இன்றைக்கும் ஜெயிக்கப் பார்க்கும். எல்லாரும் திடீரென்று தோற்றுக்கொடுக்க ஆரம்பித்தால் அதற்குப் புரிந்துவிடும். பழையபடியே விளையாடுங்கள், நேரத்தை மட்டும் சுருக்குங்கள். ஐந்து நிமிஷம் போதும், தூங்கினால் தூங்கட்டும். வலிக்கு மருந்து சரியாக இருக்கிறதா என்று வேதனையைத் தணிக்கும் பாலியேட்டிவ் குழுவிடம் கேட்டுக்கொண்டே இருங்கள், வலி அடங்கினால்தான் பிள்ளைக்கு வேறு எதிலும் மனம் போகும்.

உறவுக்காரர்கள் கூட்டமாக வந்து கட்டிலைச் சுற்றி அழுவதைத் தடுக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், பெற்றவர்களால் அது முடியாது. அழுகை வந்தால் வெளியே வாருங்கள், பெஞ்சில் அழுங்கள். பிள்ளை பார்த்துவிட்டாலும் பரவாயில்லை, "ஆயாவுக்கு உன்மேல ரொம்ப ஆசை, அதான்" என்று சொல்லுங்கள்.

கருமாதிக்கு உட்கார்ந்திருந்தோம். யாரோ அவன் செஞ்ச குறும்பு ஒண்ணைச் சொல்ல, எல்லாரும் சிரிச்சுட்டோம். அப்புறம் எனக்கு உடம்பே கூசிப்போச்சு. தப்பா?

தப்பில்லை அம்மா. முதல் கேள்விக்குச் சொன்ன பதில் இங்கேயும் அப்படியே பொருந்தும். அந்தப் பிள்ளை இருந்ததால்தான் அந்தக் குறும்பு இருந்தது. சிரித்தவர்கள் அவனைத்தான் நினைத்தார்கள்.

ஒன்றை மட்டும் பாருங்கள். அந்தக் கதைகளை முதலில் எடுக்கும் உரிமை பெற்றவர்களுக்குத்தான். அவர்கள் இன்னும் எடுக்கவில்லை என்றால் அவர்கள் எதிரில் நீங்கள் எடுக்காதீர்கள். எடுத்தால் பேச்சை மாற்றாமல் கேளுங்கள், அவன் பேரைச் சொல்லியே பேசுங்கள். ஞாபகம் வருகிற குறும்புகளையெல்லாம் தேதி தெரிந்தால் தேதியோடு, யார் யார் இருந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். மூத்தவனுக்கு அவன் தம்பி செய்தது பாதி மறந்துபோயிருக்கும், பத்து வருடம் கழித்து வந்து கேட்பான்.